கண்ணாடி மூடியில் ஒரு கட்டைவிரல்

பேரீச்சம்பழத்தைப் பாதியாக வகுந்து கவிழ்த்த அளவுதான் இருக்கும் அந்த மூடி. பொம்மை விமானத்தில் பைலட் உட்காரும் இடத்தின் மேல் பொருத்துகிற பிளாஸ்டிக் கண்ணாடி அது. ஷோகேஸில் இருக்கும் மற்ற விமானங்களில் அது தெளிவாக, உள்ளே இருக்கும் குட்டி பைலட்டைக் காட்டிக்கொண்டு இருக்கும். கடைசி விமானத்தில் மட்டும் பனி படிந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால் அந்த வெளுப்பின் மேல் இன்னும் அடர்ந்த வெள்ளையில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரியும். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. என் அண்ணனின் வலது கட்டைவிரல் அது. அந்த ரேகை அங்கே வந்தபோது அவன் வீட்டை விட்டுப் போய் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் முடிச்சூரில் வீடுகளைவிட வயல்கள்தான் அதிகம். தாம்பரம் விமானத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வந்துதான் வட்டமடித்துத் திரும்பும். சத்தம் கேட்டதும் அண்ணன் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுவான். விமானப் படையில் சேரப் போனவனை, நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் வந்த கையோடு மின்சார ரயில் பிடித்து பர்மா பஜாருக்குப் போய், பெட்டியில் அடைத்த பிளாஸ்டிக் விமானத் துண்டுகளை வாங்கி வந்துவிடுவான். வர்ணம் பூசும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். டப்பாவை நீட்டி, இது பச்சைதானே என்று கேட்பான். அப்படிக் கேட்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

வர்ணத்தில் தடுமாறினாலும் பசை விஷயத்தில் அவனை யாரும் அசைக்க முடியாது. பிளாஸ்டிக்கை ஒட்டக் கூடாது, உருக்கிச் சேர்க்க வேண்டும் என்பான். அதற்கென்றே ஒரு சின்ன ட்யூப் வைத்திருந்தான். அந்தப் பசை பட்டால் இரண்டு துண்டுகளின் ஓரமும் இளகிக் கலந்து, காய்ந்தபின் ஒரே துண்டாகிவிடும். சைக்கிள் பங்ச்சருக்குப் போடும் சொல்யூஷன் நூல் நூலாக இழுக்கும், அது ஆகாது. கண்ணாடி மூடிக்கு மட்டும் தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை. காய்ந்தால் இருந்த இடம் தெரியாது. ஒரு சொட்டில் விரலையும் சேர்த்து ஒட்டிவிடும் பசை ஒன்று அப்போது கடைகளுக்கு வந்திருந்தது. கண்ணாடிக்கு அது ஜென்ம விரோதி என்று அவன் அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இன்னொரு சட்டமும் உண்டு. எந்தத் துண்டாக இருந்தாலும் ஒட்டுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. அது அம்மாவின் வேலை. துண்டுகள் சாக்கடைக்குள் போய்விடாமல், காய்கறி அலசும் வடிதட்டில் போட்டுக் கழுவித் தருவாள். துண்டுகளை வெட்டி எடுக்கும்போது ஒருமுறை பிளேடு அண்ணனின் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. ஆறிய பிறகும் ரேகையின் குறுக்கே அந்தக் கோடு நின்றுவிட்டது.

அப்பாவுக்கு அந்தப் பசையின் வாசனை ஆகாது. அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் தெளித்த மாதிரி ஒரு தித்திப்பு நெடி. ஜனவரியில் ஒருநாள் தலைவலியோடு அலுவலகத்திலிருந்து வந்தவர் கத்தித் தீர்த்துவிட்டார். “பொம்ம ஒட்டிகிட்டு உக்கார்ற வயசாடா இது? ஒண்ணு இந்த நாத்தம் இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.” அண்ணன் ட்யூபின் மூடியைத் திருகினான். பாதியில் நின்ற விமானத்தைத் துண்டுகளோடு பெட்டியில் வைத்தான். மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குக் கிளம்பியவன் திரும்பி வரவில்லை. அன்று வேலைக்கும் அவன் போயிருக்கவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அப்பா செங்கல்பட்டு வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி விசாரித்தார். ஆஸ்பத்திரிகளுக்கும் போனார். எந்தத் தகப்பனும் பார்க்கக் கூடாததைத் துணி விலக்கிப் பார்த்துவிட்டு வருவார் போலிருக்கிறது; வந்து கையை வெகுநேரம் கழுவுவார். விமானச் சத்தம் கேட்டால் எங்கள் மூவரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சில நாட்களில், மூடி வைத்த அந்தப் பெட்டியிலிருந்து பசை வாசனை வரும். திறந்து பார்த்தால் ட்யூப் கல்லாகிக் கிடக்கும். அம்மாவுக்கும் அது வருகிறது என்று எனக்குத் தெரியும், அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து தலையை நீட்டிக் கூடத்தைப் பார்ப்பாள். எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஷோகேஸின் கீழ்த்தட்டில் குடில், மேல்தட்டில் புது விமானம் என்பது அண்ணன் ஏற்படுத்திய வழக்கம். அந்த டிசம்பரில் அப்பா பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் ஒரு துண்டைக்கூடத் தொட்டதில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் கண்ட பசையையெல்லாம் வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தார். ஒன்று இழுத்தது, ஒன்று உரிந்து வந்தது. கடைசியில் ஒரு சொட்டுப் பசைதான் சொன்ன பேச்சைக் கேட்டது. இறக்கை கொஞ்சம் கோணலாக நின்றது. மூடிக்கு மட்டும் அண்ணன் வெள்ளைப் பசைதான் போடுவான் என்று சொன்னேன். “பால் மாதிரி இருக்கு, இது எங்க ஒட்டப்போவுது” என்று சொல்லிவிட்டு, அதையும் அந்த ஒரு சொட்டிலேயே ஒட்டி மேல்தட்டில் வைத்தார்.

பசை காய்வதற்குள் கேரல் ரவுண்ட் வந்துவிட்டது. எங்கள் ஆலயத்தின் பாடகர் குழு டிசம்பரில் வீடு வீடாக வந்து பாடும். கூடவே சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் முகமூடியும் போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் வந்து ஆடி, மிட்டாய் கொடுப்பார். தூறலில் நனைந்தபடி எல்லோரும் கூடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வருஷத்துத் தாத்தா ஆடவில்லை. பாட்டு முடியும்வரை ஷோகேஸ் ஓரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா கொடுத்த கேக்கை வாங்கினார், சாப்பிடவில்லை. அப்பா எல்லாத் தாத்தாவிடமும் சொல்வதுபோல அவரிடமும் சொன்னார்: “அடுத்த வருஷமும் வாப்பா.” முகமூடி தலையாட்டியது. அவர்கள் போனதும் அப்பா தூசி படியாமலிருக்க ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகளை இழுத்து மூடினார்.

காலையில் பல் தேய்க்கப் போகும் வழியில் நான்தான் முதலில் பார்த்தேன். மூடி முழுவதும் வெளுத்திருந்தது. உள்ளே இருந்த பைலட் மறைந்துபோயிருந்தான். வெளுப்பின் நடுவே அந்த விரல், குறுக்கே அந்தக் கோடு. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், என்னுடையதையும் பார்த்தார். பிறகு ஷோகேஸ் முன்னால் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மகன் இந்த உலகத்தில் இல்லை, தன்னை மன்னித்துவிட்டான், கூட உட்கார்ந்து விமானத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவர் முடிவுக்கு வந்தார். அதற்குப்பின் ஆஸ்பத்திரிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில், நிம்மதியாகத்தான் கண்ணை மூடினார். அம்மா அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவே இல்லை.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா முடிச்சூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். வெள்ளம் வந்த வருஷம்கூட அந்த விமானத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் படகில் ஏறினாள்; தண்ணீர் வடிந்த கையோடு திரும்பிப் போய்விட்டாள். என்னோடு வந்து இருக்கச் சொன்னால், அவன் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்பாள். போன டிசம்பரில் ஒரு சாயங்காலம் அவளுக்கு உண்மையை விளக்கியே தீர்வது என்று போனேன். அந்த ஒரு சொட்டுப் பசை காயும்போது ஓர் ஆவி கிளம்பும், மூடிய கண்ணாடிக்குள் அது வெள்ளையாகப் படியும், விரல் பிசுக்கு இருக்கும் இடத்தில் அதிகமாகப் படியும் என்றேன். கண்ணுக்குத் தெரியாத ரேகையைப் போலீஸ்காரர்களே இப்படித்தான் வரவழைக்கிறார்கள். அண்ணன் போவதற்கு முன்னால் என்றைக்கோ தொட்ட ரேகை அது, அவ்வளவுதான் என்று சொல்லி முடித்தேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “நீ சொல்றது சரியா இருக்கும்மா. ஆனா அந்த மூடிய அன்னிக்கி சாயங்காலம் சோப்பு போட்டுக் கழுவி, துணியில அழுந்தத் தொடச்சி அப்பா கையில குடுத்தது நான்தான்” என்றாள்.

மிச்சத்தையும் அவளே மெதுவாகச் சொன்னாள். ரேகை வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் விசாரித்தாளாம். வழக்கமாகத் தாத்தா வேஷம் போடுகிறவருக்கு அன்று காய்ச்சல். எங்கள் தெரு முனையில் இருட்டில் நின்ற ஒருவன், நான் போட்டுக்கொள்கிறேன் என்று அங்கியையும் முகமூடியையும் வாங்கிக்கொண்டானாம். எங்கள் வீட்டில் பாடி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம். வேறு சபைப் பையன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “எப்படிச் சொல்றது? அவர் எதிர்லதான் நின்னான். முகமூடியக் கழட்டாமயே போனான்னு சொல்லவா? செத்துட்டான்னு நெனச்சதாலதான் அந்த மனுஷனால அழவாவது முடிஞ்சிது.”

அதற்குள் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு முந்தி அம்மா எழுந்து போய் ஷோகேஸின் கதவுகளைத் திறந்து வைத்தாள். சிவப்பு அங்கி உள்ளே வந்தது. கைகளில் வெள்ளைக் கையுறை. “தம்பி, அத கழட்டிட்டுக் கை குடுப்பா” என்றாள் அம்மா. அந்தக் கையை வாங்கி, விளக்குப் பக்கம் திருப்பிக் கட்டைவிரலைப் பார்த்தாள். யாரோ கல்லூரிப் பையனின் கை. தட்டிக் கொடுத்துக் கேக்கை நீட்டினாள். அவர்கள் கிளம்பும்போது, “அடுத்த வருஷமும் வாங்கப்பா” என்று என் வாயிலிருந்தே வந்தது.

ஷோகேஸை மூடப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த மூடி வெளுத்துக் கிடந்தது, அதன் மேல் அந்த விரல். உள்ளே பைலட் இருக்கிறானா என்று எவ்வளவு குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை. பாட்டு அடுத்த தெருவுக்குப் போகும்வரை நின்றிருந்தேன். கதவுகளைத் திறந்தபடியே விட்டுவிட்டேன்.