மாமா தேறிய பரீட்சை

ரத்தம் வராத எதையும் எங்கள் வீட்டில் காயமென்று ஒப்புக்கொள்வதில்லை. அதனால் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கால்பந்தாட்டத்தில் இன்னொருவன் தலையோடு தலை மோதி விழுந்து, திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கப்பட்டபோது, அம்மா அவர் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பெருமாளே என்று கைகூப்பிவிட்டுக் காபி கலக்கப் போனாள். மாமா எங்கள் வீட்டில் தங்கித்தான் காலேஜில் படித்துவந்தார். நான் அப்போது பாவாடை தடுக்கி விழுகிற வயதுப் பெண்.

மாமாவைப் பரிசோதித்த புத்தூர் டாக்டர் மட்டும் கைகூப்பவில்லை.

"வெளியில காயமில்லேன்னு நினைக்காதீங்க. உள்ள மூளை குலுங்கியிருக்கு. இருட்டு ரூம்ல படுக்கட்டும். தலைவலி சுத்தமா விட்ட பிறகு முதல்ல நடக்கட்டும், அப்புறம் ஓடட்டும், கடைசியாத்தான் பந்து. நடுவுல வலிச்சா மறுபடி முதல்லேர்ந்து" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார். கேட்டு நடப்பது வேறு விஷயம்.

மாமாவை உள்ளறையில் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். விசிறுவது என் வேலை. மாமா எப்போதும் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பவர். "இன்னிக்கு என்ன கிழமைடீ?" என்று கேட்டார். வெள்ளி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து, ஞாயிறு என்றேன். பிறகு புதன் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓஹோ" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மாமாவையே ஏமாற்றிவிட்டதாக எனக்கு ஒரே கும்மாளம்.

அந்தச் சமயம் பார்த்து இறுதி ஆட்டம் வந்து சேர்ந்தது. அப்பா ஜன்மத்தில் பந்தை உதைத்தவரில்லை. தோலைக் காலால் தொடுவதே அவருக்கு அனாசாரம். ஆனால் மாமா கோல் போடத் தொடங்கியதிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் நாலு பேர் அப்பாவை நிறுத்தி விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆசாரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லை அத்திம்பேர். நான் போகலேன்னா எங்க காலேஜ் பசங்க தோத்துடுவா" என்று மாமா கெஞ்சினார்.

"டாக்டர் இன்னும் நடக்கவே சொல்லலையேடா!" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு கட்சியையும் கேட்டுக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "புத்தி கலங்கியிருக்கா இல்லையான்னு பார்த்துட்டாப் போறது. பெருமாளோட ஆயிரம் நாமமும் சொல்லட்டும். ஒண்ணு தப்பினாலும் ஆட்டம் கிடையாது."

அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. மாமா குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். அடக்கமாக உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தவர் கடைசி நாமம்வரை எங்கும் தடுமாறவில்லை. நடுவில் கூடவே முணுமுணுத்த அப்பாதான் ஓர் இடத்தில் தப்பினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி களையப் போனாள். இன்று என்ன கிழமை என்று அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்பா என்னையும் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். மைதானத்தில் நல்ல வெயில். உயரத்தில் வந்த ஒரு பந்தை மாமா தலையால் முட்டினார். பலமான முட்டுக்கூட இல்லை. பந்து அவர் காலடியிலேயே விழுந்தது. அதை உருட்டிக்கொண்டு அவர் தங்கள் கோலை நோக்கியே ஓடினார். மைதானமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், நானும் கைதட்டினேன். பாதி தூரத்தில் மாமா நின்றார், சுற்றிலும் பார்த்தார், பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டார்.

புத்தூர் டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாயிடுச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா பரீட்சையைப் பற்றிச் சொன்னார்.

"அதை எந்த வயசுல கத்துக்கிட்டார்?"

"உபநயனம் ஆன புதுசுல."

"பழசு அவ்வளவு சீக்கிரம் போகாதுங்க. புதுசு நிக்குதான்னுதான் பார்த்திருக்கணும்."

அதன் பிறகு ஒரு நாளும் அப்பா யாருக்கும் தீர்ப்புச் சொன்னதில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். படித்த வரியையே மறுபடி படிப்பார். காலேஜிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அது வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது, என்னைத் தவிர மற்றவர்களுக்கு. எனக்கோ மாமா நாள் முழுவதும் வீட்டில் கிடைத்தார். தாயம் ஆட உட்கார்ந்தால் எழுந்திருக்க அவசரமே இல்லை. எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன்.

அந்த நாட்களில் அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய பெருமாள் சன்னதியில் அவள் கண்ணீர் வழிய உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மாமா திரும்பக் காலேஜுக்குப் போகவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பெருமாள் எங்கள் இருவரில் என் வேண்டுதலைத்தான் கேட்டார்.