மூன்று சங்கு பால்

குற்றவாளி என் சித்தப்பாதான். எட்டு வயதில் நானும் ஒரு தப்பு செய்தேன். அதை யாரிடமும் மறைத்ததில்லை, இங்கேயும் மறைக்கப்போவதில்லை. ஆனால் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கதவோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகல் நகரில் ஓட்டு வீடு. அப்பா, அம்மா, நான், பத்து மாதத் தங்கச்சி, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் மனைவி சித்தி. சித்திக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து இருபதாவது நாள் செத்துப்போயிருந்தது. அதே சமயத்தில் அப்பாவுக்குப் புகையிலைக் கிட்டங்கியில் வேலை நின்றுபோனது. அம்மா நூல் மில்லில் சேர்ந்தாள். அலைச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது.

அம்மா வேலைக்குப் போனது அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. தடுக்கவும் முடியவில்லை, வீட்டில் அடுப்பு எரிந்ததே அவள் சம்பளத்தில்தான். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நர்ஸம்மா ஒருவர் தராசு கொண்டுவந்து தெருப் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பார். "அடுத்த தடவை தராசுல புள்ள இறங்கியிருந்துச்சுன்னா, மில்லு அன்னியோட சரி" என்றார் அப்பா.

வீட்டில் சித்தி இருந்தாள். பிள்ளையை அவளிடம் கொடுத்திருக்கலாம். அதற்கும் அப்பா சம்மதிக்கவில்லை. சித்தி அங்கேயே உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படியாகவே அம்மாவிடம் சொன்னார். "ஆக்கி வைக்கட்டும், வேணாங்கல. புள்ளைய மடியில போடக் கூடாது. செத்த புள்ளைக்குச் சுரந்த பாலு. ஆகாது." சித்தி தலையைத் தூக்கவில்லை. முறம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அப்பா விடிந்ததும் வேலை தேடிப் போனால் இருட்டித்தான் வருவார். ஆகவே மூன்றாம் வகுப்பிலிருந்து என்னை நிறுத்தினார்கள். எட்டு வயதுக்காரியின் கையில் பத்து மாதப் பிள்ளையின் வயிற்றைக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மில் சங்குதான் கடிகாரம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று தடவை ஊதும். மூக்கு வைத்த சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் பிள்ளைக்குப் பால் புகட்டுவோமே, அதற்கும் சங்கு என்றுதான் பெயர். எல்லாம் இந்த ஒரு வார்த்தையால் வந்தது.

முதல் நாள் அம்மா தூக்குவாளியோடு வாசலில் நின்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "இந்தா பாரு. காலைச் சங்கு ஊதுனா கேப்பைக் கஞ்சி. வெயில் அம்மிகிட்ட வந்தா வாழப்பழம், பாதிதான் குடுக்கணும். மத்தியானச் சங்குக்குக் கொழஞ்ச சோறு, பருப்புத் தண்ணி, செத்தோண்டு நெய்யி. பாலு மூணு சங்கு. மறந்துறாதடி ஆத்தா."

நர்ஸம்மா அவளிடம் சொல்லி அனுப்பியது, கஞ்சிக்குப் பிறகும் சோற்றுக்குப் பிறகும் மூன்று மூன்று கிண்ணம் பால். நான் புரிந்துகொண்டது, மில்லில் மூன்றாவது சங்கு ஊதும்போது பால். எத்தனை கிண்ணம் என்று யோசிக்கவே இல்லை. ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

அந்த நாட்கள் எனக்கு இன்றும் தூக்கத்தில் பார்த்தவை போலத்தான் ஞாபகம் இருக்கின்றன. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியாக ஒரு வட்ட வெயில் தரையில் விழும். காலையில் நெற்குதிரின் மேல் இருக்கும். மெல்ல இறங்கித் தரையில் நகரும். நான் குப்புறப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் தூசி மிதக்கும். தங்கச்சி தவழ்ந்து வந்து அதைக் கையால் பிடிப்பாள், பிடித்ததை வாயில் போடுவாள், வாயில் ஒன்றும் இல்லையே என்று என்னைப் பார்ப்பாள். வட்டம் அம்மியைத் தொட்டதும் நான் எழுந்து சிறுமலைப் பழம் ஒன்றை உரித்துப் பாதியை விரலால் மசித்துக் கொடுப்பேன். மறுபாதி எனக்கு. அம்மா அதைச் சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டது.

சித்தி கேப்பையை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து, கஞ்சி காய்ச்சி ஆற்றி என் பக்கம் தள்ளிவிடுவாள். பிள்ளையைத் தொடமாட்டாள். தங்கச்சி அவள் சேலையைப் பிடித்து எழுந்து நின்றால் கையை மெதுவாக எடுத்துவிடுவாள். "அக்காகிட்டப் போ, அப்பு" என்பாள்.

தங்கச்சி சோறு தின்ற பிறகும் அழுவாள். பால் கேட்கிறாள் என்று தெரியும். கொடுக்கமாட்டேன். சங்கு ஊதவில்லையே! "அழாத, இன்னும் சங்கு ஊதல" என்று அவளுக்கு நியாயம் பேசுவேன். தொட்டிலை ஆட்டி ஆட்டி நான் தூங்கிவிடுவேன். சங்குச் சத்தத்தில் விழித்தால் அவள் அழாமல், உதடு மினுமினுக்கத் தூங்கிக்கொண்டிருப்பாள். என் ஆட்டுதலுக்கு அவ்வளவு சக்தி என்று எனக்குப் பெருமை.

உறியில் அம்மா காய்ச்சி வைத்துவிட்டுப் போன செம்பை இறக்கினால் மட்டும் ஒன்று உதைத்தது. காலையில் கழுத்துவரை இருந்த பால், சாயங்காலம் அடியில் சரியாக ஒரு சங்கு அளவுக்குத்தான் இருக்கும். தினமும் அப்படி. பூனை என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன், எந்தப் பூனை அளந்து மிச்சம் வைக்கும்?

ஒருநாள் தூங்குவதுபோலக் கிடந்தேன். சித்தி உறியை இறக்கினாள். செம்பைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தாள், மருந்து குடிப்பவளைப் போல. பிறகு செம்புக்குள் எட்டிப் பார்த்து, மூடி, மேலே ஏற்றினாள். என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொட்டிலிலிருந்து தங்கச்சியை எடுத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அழுகை நின்றது. முந்தானைக்கு வெளியே ஒரு சின்னக் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெயில் வட்டம் சித்தியின் முதுகில் இருந்தது. ராகம் இல்லாமல் ஏதோ முனகினாள். என் கண் உண்மையாகவே செருக ஆரம்பித்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பூட்டுப் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பா. சித்தியைப் பார்த்தார். சித்தி திரும்பி அவரைப் பார்த்தாள். என் கண் திறந்திருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"தூங்கு புள்ள" என்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

சித்தி பிள்ளையைத் தூங்கவைக்கிறாள் என்று நினைத்தேன். அப்பா சொன்னதை மீறி மடியில் போட்டிருக்கிறாள், போகட்டும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பாலைக் குடித்ததுதான் நெஞ்சில் நின்றது.

நர்ஸம்மா வந்த அன்று எல்லோரும் வீட்டில் இருந்தோம். அம்மா மில்லிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. தராசைத் தூலத்தில் மாட்டித் தங்கச்சியைத் தூளியில் தொங்கவிட்டார்கள். முள் ஏறியது. நர்ஸம்மா இரண்டு தரம் பார்த்தார். "அடேங்கப்பா! இம்புட்டு ஏறியிருக்கா? யாரு ஊட்டுறது?"

"நாந்தேன்" என்றேன்.

"என்னென்ன குடுக்குற, சொல்லு பாப்போம்."

பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். கஞ்சி, பழம், சோறு, பருப்புத் தண்ணி. கடைசியில், "மூணாஞ்சங்கு ஊதுனா ஒரு சங்கு பாலு."

நர்ஸம்மா சிரித்தார். "நாள் பூராவுக்கும் ஒரு சங்கா? அப்புறம் எப்பிடிடி புள்ள ஏறுச்சு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, மூணு மூணு சங்குல்ல குடுக்கச் சொன்னேன்? செம்பு காலியாத்தான இருக்கு தெனமும்? மிச்சப் பாலு எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தப்பு செய்துவிட்டேன் என்று புரிந்தது. தப்பித்தாக வேண்டும். கையை நீட்டினேன்.

"சித்திதான் குடிச்சுட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்."

அப்பா எழுந்தார். "பச்சப் புள்ள வாயில போற பாலையா?"

"ஒரு செம்பு பாலுக்கு ஏன் இந்தச் சத்தம்?" என்றாள் அம்மா. அவள் குரல் எடுபடவில்லை.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற சித்தப்பாவை மட்டும் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தார்.

"ஆமா, குடிச்சேன். பசிச்சுச்சு" என்றாள் சித்தி.

இவ்வளவு சத்தத்தில் தூளியில் தொங்கிக்கொண்டிருந்த தங்கச்சி வீறிட்டு அழுதாள். சித்தி சட்டென்று முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். அதற்குள் ரவிக்கையில் ஈரம் பரவிவிட்டது. நர்ஸம்மா அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அவசரமாகப் பிள்ளையை இறக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தராசை மடித்துக்கொண்டு, "புள்ள நல்லாருக்கு, விடுங்க. அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சித்தியைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் அந்த ஈரத்தைப் பார்த்தேன். திருட்டுத்தனமாகக் குடித்தபோது சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தீர்களா, சாட்சி என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலைச் சங்கு ஊதுவதற்குள் சித்தி சின்னாளப்பட்டியில் இருந்த அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் கூப்பிடப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் சித்தப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். 'பிள்ளைப் பாலைத் திருடினவள்' என்ற பெயர் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் வேறொருத்தியின் பிள்ளை அழுதது. என் ரவிக்கை நனைந்தது. அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. சித்தி குடித்த பாலையெல்லாம் தன் மார்ப்பாலாக என் தங்கச்சிக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பால்தான் தராசு முள்ளை ஏற்றியது, அம்மாவின் வேலையைக் காப்பாற்றியது. அதைச் சொன்னால் செத்த பிள்ளைப் பால் கொடுத்தவள் என்பார்கள். திருடி என்ற பெயர் அதைவிட மேல் என்று எடுத்துக்கொண்டாள். விசாரித்துக்கொண்டு சின்னாளப்பட்டிக்குப் போனேன். அவள் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

சித்தப்பாவிடம் தனியாகக் கேட்டேன். "பழசக் கிளறாத, புள்ள" என்றார்.

சித்தப்பா, அடுத்த மாதம் உங்களுக்கு எண்பது நிறைகிறது. மண்டபம் பிடித்திருக்கிறார்கள், மைக் வைக்கிறார்கள். என் தங்கச்சி தன் பேத்தியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நானும் வருவேன். இந்தத் தடவை செருப்பைப் பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள். பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அந்த மைக்கில் சொல்லுங்கள்: அவள் யார் பாலில் வளர்ந்தாள்?