எந்த ஊர் அட்டை?

காரிமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண் அவள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்காகப் பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்த தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒன்பதாம் மாதம் வலிப்பு வந்தது. தருமபுரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால், ஏன் இறந்தாள் என்று வீட்டுக்கே போய் விசாரித்து எழுதுவது சுகாதாரத் துறையில் என் வேலை.

அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"காலு வீங்கிப்போச்சு, தலவலிங்கறாளேன்னு நான்தாங்க நர்சுகிட்ட கூட்டிட்டுப் போனேன். பேரு இங்க இல்ல, புருஷன் ஊர்ல இருந்து மாத்தி எழுதி வாங்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ள ஞாயித்துக்கிழம வர்றப்ப வாங்கியாரட்டும்னு வூட்லயே இருந்துட்டோம். நான் கூட்டியாந்ததுதான் தப்புங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் வீக்கமும் தலைவலியும் பிரஷர் ஏறியதற்கான அறிகுறி; கவனிக்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். பிரஷர் பார்க்க எந்த ஊர் கர்ப்பிணி அட்டை வேண்டும்? பட்டையைக் கையில் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம். இந்த ஊர்ப் பக்கம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராத பெண் உண்டா? அது தெரியாதது போல எங்கள் பதிவேடு மட்டும் புருஷன் ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருந்த நர்ஸோ, தாய்வீடு போய்விட்டாள் என்று எழுதிவிட்டு அத்தோடு விட்டுவிட்டார்.

விசாரணைக் கூட்டத்தில் அதைவிடக் கேவலம். உயிரோடு இருந்தபோது எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவிய இரண்டு தரப்பும், இது எங்கள் பகுதி மரணம் இல்லை என்று ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் ஒரு டாக்டர் என் பக்கம் திரும்பி, "வீட்டார் தாமதம்னு போட்டுடுங்க மேடம். யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்றார்.

யாருக்கும் என்றால் எங்களில் யாருக்கும். நான் எழுதியது வேறு: 'தாய் அழைத்து வந்தார். நாங்கள் பார்க்காமல் திருப்பி அனுப்பினோம்.' அதற்காக வாங்கிய பேச்சு தனிக்கதை.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவர் மடியில் குழந்தை தூங்கியது.

"அப்ப எம்மேல தப்பு இல்லீங்களா?"

"உங்க மேல இல்லம்மா. எங்க மேலதான்."

பேனாவை வாங்கியவர், கையெழுத்துப் போடாமல் குழந்தையைப் பார்த்தார்.

"நேத்து ஒன்றரை மாச ஊசிக்கு இவளத் தூக்கிட்டுப் போனேனுங்க. பேரு இங்க இல்ல, அப்பன் ஊர்ல போய்ப் போட்டுக்கன்னு சொல்லிட்டாங்க."

கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தேன்.