உடுப்போடு நீந்தும் சோதனை

போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறும்போது எனக்கு ஒரு செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி தந்தார்கள். டீசலும் காயாத துணியும் கலந்த மணம். என் மனைவி யோகத்தின் முதலாம் ஆண்டுத் திவசத்தை முடித்துக்கொண்டு, மகளும் நானும் நயினாதீவுக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் அங்கியின் நாடா ஒன்று அறுந்திருந்தது. மகள் தன்னுடையதைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

"பிள்ளைக்கு வேண்டாமோ?" என்று, ஏறும்போதே எங்கள் ஊரை விசாரித்திருந்த பக்கத்து அம்மா கேட்டார்.

"நான் நீந்துவன் அன்ரி."

"நல்ல கூத்து. வெளிநாட்டுப் பிள்ளை நீந்துது. தீவில பிறந்த கொப்பர் சட்டையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்!"

படகு சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மைதான். நான் கரம்பொன்னில் பிறந்தவன், நீந்தத் தெரியாது. எங்களுடையது தோட்டக்காரக் குடும்பம். கடல் என்றால் மீன் வருகிற திசை, அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குத் தலை நனைப்போம்.

நெதர்லாந்துக்குப் போன புதிதில், ஒரு அதிகாரி மேசையின் இழுப்பறையைத் திறந்தபடி, கிட்டத்தட்ட நாங்கள் சொல்லும் 'லாச்சி' என்ற சொல்லாலேயே அதைச் சொன்னார். அலுவலகம் என்ற கந்தோரும் அங்கே கந்தோர்தான். ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கோட்டையில் இருந்து எங்களை ஆண்ட நாட்டுக்காரரின் வீட்டுக்கே வந்துவிட்டோம் என்று யோகத்துக்கு நீண்ட சரித்திரப் பிரசங்கம் ஒன்று செய்தேன். அவள் பாதியிலேயே நித்திரையாகிவிட்டாள்.

அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு வாய்க்கால். அதனால் பிள்ளைகள் நீந்தப் பழகி, சோதனை எடுத்து, சான்றிதழ் வாங்குவார்கள். எங்கள் மகளின் சோதனை வந்தபோது அவள் மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்று அவளுக்கும் எனக்கும் இன்னும் தகராறு. திகதியில் பிழை விடுவது எனக்குப் பிடிக்காது. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். வாய்க்காலில் பனிக்கட்டி உடைந்து மிதந்தது.

சோதனையில் முதலில் நீளக் காற்சட்டை, சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதிக்க வேண்டும். வாய்க்காலில் விழுகிறவர்கள் நீச்சல் உடுப்போடு விழுவதில்லை என்பது அவர்களுடைய நியாயம். நல்ல நியாயம். நான் அதை யோகத்துக்கு விளக்கினேன். அவள் மா குழைப்பதை நிறுத்தினாள்.

சண்டைக்குப் பயந்து தீவை விட்டுச் சனம் வெளிக்கிட்ட நாட்களில் யோகத்தின் தம்பி ஏறிய வள்ளம் கவிழ்ந்தது. அவன் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டிருந்தான். கரையில் அவனை அடையாளம் காட்டியவள் யோகம். இதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"சப்பாத்தோட தண்ணியில இறக்க நான் விடமாட்டன்."

"எல்லாப் பிள்ளையளும் செய்யுதுகள் யோகம்."

"அதுகளின்ர தாய்மார் விடட்டும்."

முதல் சோதனையன்று மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னோம். அடுத்ததற்கும் காய்ச்சல். வகுப்பில் சான்றிதழ் இல்லாத ஒரே பிள்ளை எங்களுடையதாயிற்று. மகள் எங்களோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சோறு கேட்பாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்துவாள். இது சில கிழமைகள் நீடித்தது. ஒரு சனிக்கிழமை காலை, யோகம் தானே மகளின் சப்பாத்தைப் பைக்குள் வைத்தாள்.

"நானும் வாறன். ஆனா பாக்கமாட்டன்."

நீச்சல் தடாகத்தின் மேல்மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோருக்குக் கதிரைகள். குளோரினும் கோப்பியும் மணத்தன. எல்லோரும் கமராவோடு தண்ணீரைப் பார்த்திருக்க, யோகம் கதிரையைத் திருப்பிப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இப்ப?"

"வரிசையில நிக்கிறா."

"இப்ப?"

"குதிச்சிட்டா."

"தலை தெரியுதோ?"

"கொஞ்சம் பொறும்."

"என்ன பொறும்? தெரியுதோ, இல்லையோ?"

"தெரியுது, தெரியுது. கால் அடிக்கிறா."

பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்ட ஒரு தடித்த படங்குச் சீலையின் ஓட்டைக்குள்ளால் மூழ்கிப் போக வேண்டும். மகள் மூழ்கினாள். மறுபக்கத்தில் அவள் எழும்பிய பிறகுதான், "முடிஞ்சுது" என்றேன்.

யோகம் கீழே போய் மகளின் நனைந்த காற்சட்டையைப் பிழிந்தாள். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தாள். அழவில்லை. பேருந்தில் மகள் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள்.

நயினாதீவில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது மகள் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்குச் சரியான பயம் அப்பா. அம்மா மேல கண்ணாடிக்குப் பின்னால இருந்து கை காட்டினவா. அதைப் பாத்திட்டுத்தான் குதிச்சனான்."

"ஓம்" என்றேன்.

அந்தத் தடாகத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அன்று மேல்மாடியில் எங்கள் பக்கத்தில் இருந்த பெற்றோர் எங்கே போனார்களோ தெரியாது. யோகமும் இல்லை. தண்ணீரின் விளிம்பில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு, மேலே கதிரையில் இருப்பவளின் முகம் தெரியுமா, முதுகுதான் தெரியுமா என்று போய் நின்று பார்க்க இனி இடமில்லை.