காலி மெஷினில் சோதித்தாயிற்று

'மினிமல்' என்ற வார்த்தையின் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. லினக்ஸ் டெஸ்க்டாப்பில், திரையில் உள்ளதைக் கண் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லும் ஒரு சர்வீஸைச் சம்பளமில்லாமல் பராமரித்து வருகிறேன். அது ஓட வேறு எந்தெந்த பேக்கேஜ்கள் கட்டாயம் வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது அதில் உள்ளவை மட்டும் தானாகச் சேர்ந்து இறங்கும். அந்தப் பட்டியலைக் குறைத்தால், எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் சேர்ந்திருக்கும் எங்கள் குழுவில் நல்ல பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாதியாக வெட்டினேன். வெட்டியதில் தமிழ்க் குரல் பேக்கேஜும் ஒன்று.

வெட்டியபின், எதுவுமே இல்லாத காலி மெஷினில் பட்டியலில் உள்ளதை மட்டும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. நான் என் லேப்டாப்பிலேயே ஓட்டினேன். கணீரென்று பேசியது. பேசாமல் என்ன செய்யும்? குரல் அதில் ஏற்கெனவே இருந்ததே! உப்புப் போட்ட மாவில் தோசை வார்த்துவிட்டு, உப்பே தேவையில்லை என்ற கதைதான். 'காலி மெஷினில் சோதித்தாயிற்று' என்று கூசாமல் எழுதி வெளியிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

இரண்டு வாரம் கழித்து, அஸ்தினாபுரத்தில் ஒரு டீச்சரின் கம்ப்யூட்டர் பேசவில்லை என்று குழுவில் செய்தி வந்தது. பார்வை போன பிறகும் விடாமல் பாடம் நடத்துகிறவர். மாடம்பாக்கத்தில் இருக்கும் நான்தான் பக்கம் என்பதால் ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

"டிஸ்க் போயிடுச்சு சார். புது டிஸ்க்ல, நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டம்மா எல்லாத்தையும் ஏத்தினாங்க. நேத்துலேருந்து வாயே திறக்கல," என்றார் டீச்சர். "சாயங்காலத்துக்குள்ள கொஸ்டின் பேப்பர் அனுப்பணும். முடியலைன்னா வேற டீச்சர்கிட்ட குடுத்துடுறேன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. ஒரு தடவை கைமாறிடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட திரும்பி வராது சார்."

பார்த்தவுடனே புரிந்துவிட்டது. குரல் பேக்கேஜைப் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் பேசியதும் அவருக்கு உயிர் வந்தது.

"நான் எதையாவது தப்பா சொல்லிட்டேனா சார்?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "இன்ஸ்டால் பண்றப்ப சில சமயம் ஏதாவது விட்டுப்போயிடும்ங்க," என்றேன். விட்டது யார் என்று சொல்லவில்லை. அவர் கொடுத்த காபியையும் வெட்கமில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலில் குரலைச் சத்தம்போடாமல் திரும்பச் சேர்த்தேன். மறுநாள் குழுவில் டீச்சர் எழுதியிருந்தார்: 'கொஸ்டின் பேப்பர் அனுப்பியாயிற்று. இன்ஸ்டால் செய்யும்போது நான்தான் எதையோ விட்டுவிட்டேன். என் கவனக்குறைவால் சாருக்கு வீண் அலைச்சல். எல்லோரும் மன்னிக்கவும்.'

கீழே நாலைந்து பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. 'தப்பு என்னுடையது' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டி, மறுபடி அழித்தேன். கடைசியில், 'பரவாயில்லை டீச்சர்' என்று நானும் போட்டேன்.