கிணற்று மாதிரியின் எடை

ஆவணி, முதல் திங்கட்கிழமை. காலையில் மனைவியின் மடிக்கணினியில் கிணற்று நீரைக் கணிக்கும் மாதிரிக் கோப்பு திறக்கப்பட்டது. பக்கத்து வயல்காரரின் கைப்பேசியில் நினைவகம் போதாமல் அது ஏறவில்லை. பகலில் மாதிரி சுருக்கப்பட்டது. மாலையில் ஏறியது.

அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வயல் கிணற்றின் நீர்மட்டத்தை என் மனைவி காலைதோறும் முடிச்சிட்ட கயிற்றை இறக்கி அளந்துவந்தாள். அந்த அளவுகளைக் கொண்டு, வரும் வாரங்களில் நீர் எவ்வளவு இறங்கும் என்று கணிக்கும் புள்ளியியல் மாதிரி ஒன்றை எழுதினாள். கல்லூரியில் அப்பாடத்தை நடத்தியவன் நான். அதை வயலுக்குக் கொண்டுவந்தவள் அவள். சித்திரையில் இறந்துபோனாள். அதே கிணற்றை நம்பியிருக்கும் வயல்காரர், சம்பா விதைப்பதா, உளுந்தோடு நிறுத்திக்கொள்வதா என்று இப்போது முடிவுசெய்ய வேண்டும்.

அளவுகளுக்குப் பொருத்தி முடித்த மாதிரி, தன்னை உருவாக்கிய தரவு முழுவதையும் உள்ளே சுமந்துகொண்டிருக்கும். கணிப்பதற்கு அது வேண்டியதில்லை. முதலில் தரவின் பிரதியை நீக்கினேன். பிறகு எச்சங்களை, அதாவது ஒவ்வொரு காலையும் மாதிரி எதிர்பார்த்ததற்கும் கயிறு காட்டியதற்கும் இருந்த வேறுபாடுகளை. நீக்க நீக்க விடையைச் சரிபார்த்தேன். கடைசி இலக்கம்வரை மாறவில்லை. பிழை வரம்பைச் சொல்லவாவது அவளுடைய காலைகள் வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் சில எண்களே கொண்ட ஒரு சிறிய அட்டவணை போதுமானதாக இருந்தது.

மாலையில் வயல்காரர் வரப்பில் நின்றபடியே கைப்பேசியில் திறந்து பார்த்தார்.

"அவ்ளோ பெருசா இருந்துச்சே, இன்னா சார் பண்ணீங்க? பட்டினி போட்டீங்களா?"

தேவையற்றதை எடுத்துவிட்டேன் என்றேன். அவர் விரல் திரையில் நின்றது.

"இன்னிக்குத் தண்ணி எந்த மட்டத்துல இருக்குதுன்னு கேக்குது சார்."

சோதித்தபோதெல்லாம் அவள் கடைசியாக அளந்த எண்ணையே இட்டுவந்திருக்கிறேன். கயிறு மோட்டார் கொட்டகையில், அவள் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. வயல்காரரும் அதைப் பார்த்தார்.

"அக்கா போனதுலேர்ந்து யாரும் கயிறு வுடலியா?"

இல்லை என்றேன். தாமே அளந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் அளக்கிறேன் என்றேன்.

"வெத ஊறப்போடணும் சார். வியாழனுக்குள்ள சொல்லிடுங்க."

இன்று வியாழன். செய்யாமல் இருப்பவை:

அவளுடைய அளவுகள் முழுவதும் உள்ள பெரிய மாதிரிக் கோப்பை என்ன செய்வதென்று முடிவெடுத்தல்.
கயிற்றை ஆணியிலிருந்து எடுத்தல்.
கிணற்றை அளத்தல்.
வயல்காரருக்குப் பதில் சொல்லுதல்.