மெழுகுக்காக அறுத்த அடை

அண்ணனின் தேன்பெட்டியில் அடையை அறுத்தவள் நான்தான். திருட்டுப் பட்டத்தோடு ஊரைவிட்டுப் போனவன் தோப்புக் காவல்காரன் மாடசாமி. முகத்தைச் சுளிக்கிறீர்களா? முழுதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்!

அப்போது எனக்கு இருபது வயது. தாலியறுத்து, இலஞ்சியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். வெள்ளைச் சேலை, பாழ்நெற்றி, ஒருவேளைச் சோறு. அண்ணனோ கதர் கட்டியவன். தென்காசிக் கூட்டங்களில் பெண் விடுதலை பேசுகிறவன்! கூட்டாளிகள் சொன்னார்களென்று தென்னந்தோப்பில் மரப்பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தான்.

எனக்குத் தேன் வேண்டியிருக்கவில்லை. மெழுகு வேண்டும். ஆம், பொட்டு வைக்க! குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் நெற்றியில் கறை நின்று காட்டிக்கொடுத்துவிடும். மெழுகு தடவி அதன்மேல் வைத்தால் நினைத்தபோது வழித்துவிடலாம். அண்ணியின் மெழுகுச் சிமிழை நான் தொட்டால் அபசகுனம். ஆகவே பட்டப்பகலில் போய் அடையை அறுத்தேன். கையில் இரண்டு கொட்டு. குளவி என்று சொல்லிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டேன். அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் பிழிந்து, ஆறியபின் மிதந்த மெழுகை எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பொட்டு வைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன்… நன்றாக இருந்தேன்! இதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

சாரல் விட்ட ஒரு காலையில் அண்ணன் தேங்காய்க் கதம்பையில் புகை போட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே அடை கட்டியிருந்த மரச்சட்டங்களில் ஒன்றில் பாதி அடை இல்லை. எலியோ என்றான். அந்துப்பூச்சியோ என்றான். எலி கடித்தால் துருவல் கிடக்கும். பூச்சி அரித்தால் நூலாம்படை கட்டியிருக்கும். இதுவோ நேராக அறுபட்டிருந்தது.

“ஏலே, இது கத்தி பட்ட அடைல்லா!” என்று கத்தினான்.

முற்றத்தில் சூடம் கொளுத்தினான். வீட்டாள், வேலையாள் எல்லோரும் அதைக் கையால் அணைத்து, ‘இந்தப் பெட்டித் தேனைத் தொட்டதில்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டும். நானும் போய் நின்றேன். பொய்ச் சத்தியம்தான் செய்திருப்பேன், உங்களிடம் மறைப்பானேன்!

“நீ எதுக்கு இங்கன வாறெ? சாமி காரியத்துல முன்னால நிக்காத, உள்ள போ” என்றாள் அண்ணி. தாலியறுத்தவள் சூடத்தைத் தொடக்கூடாதாம். என்னை ஒதுக்கிய அதே சாத்திரம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மாடசாமியின் முறை வந்தபோது அவன் கை நீளவில்லை.

“போன தடவ தேன் எடுக்கையில சட்டத்த நான்தான் பிடிச்சேன் அய்யா. வெரல்ல வழிஞ்சத நக்கிட்டேன். தொடலைன்னு எப்படிச் சத்தியம் பண்ணுவேன்? ஆனா அடைய நான் அறுக்கல.”

“நக்குனவன் அறுக்க மாட்டானாலே? போலே வெளிய!”

ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை அறையில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பூட்டட்டுமே! ஒரு குடும்பத்தின் சோற்றைவிட என் பொட்டு பெரிதா? அன்றைக்குப் பெரிதாகத்தான் தோன்றியது.

மறுநாள் மாடசாமி வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்கு, மாமனார் ஊருக்குக் கிளம்பினார்கள். அவன் மனைவி மட்டும் என்னைத் தேடிக் கொல்லைப்புறம் வந்தாள்.

“ஊரே திருடன்னு சொல்லுது தாயி. நீங்களாவது அவுக எடுக்கலன்னு நம்புதியளா?”

“நம்புதேன்.”

அவள் அழுதுவிட்டாள். “இது போதும் தாயி, அவுககிட்டச் சொல்லுதேன்” என்று குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதுவரை என் காலை யாரும் தொட்டதில்லை…

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.